மூழ்கினால் பொரியாத நத்தை முட்டை

கலர் மீன் வளர்க்கும் வீடுகளில் ஒருநாள் காலையில் இது கண்ணில் படும். தொட்டி மூடியின் உட்புறத்திலோ, கண்ணாடியில் தண்ணீர் மட்டத்துக்கு இரண்டு விரற்கடை மேலேயோ, வெளிறிய இளஞ்சிவப்பில் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும். முசுக்கொட்டைப் பழம் போல முடிச்சு முடிச்சாக இருக்கும். முந்தின இரவு அது அங்கே இருந்திருக்காது. பூஞ்சை என்று நினைத்துச் சுரண்டி எறிந்துவிடுகிறவர்கள் உண்டு. நத்தை முட்டைதான் என்று தெரிந்து, ஐயோ காய்ந்துவிடுமே என்று பரிதாபப்பட்டுத் தண்ணீருக்குள் தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. அந்தப் பரிதாபமே முட்டைகளுக்கு எமனாகிவிடும். தண்ணீரில் மூழ்கினால் அவை மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

இது மிஸ்டரி நத்தையின் முட்டைக் குலை. பொமேசியா டிஃப்யூசா என்பது அறிவியல் பெயர். தென் அமெரிக்காவின் அமேசான் படுகை அதன் தாய்மண். சென்னை கொளத்தூர் போன்ற வண்ண மீன் சந்தைகளில் மஞ்சள், நீலம், தந்த நிறம் என்று பல வண்ணங்களில் கிடைக்கிறது. நீரிலேயே வாழும் இந்த உயிர், முட்டையிட மட்டும் இரவு நேரத்தில் நீரை விட்டு மேலே ஏறுகிறது. காரணம் எளிமையானது. வெதுவெதுப்பான தேங்கு நீரில் ஆக்சிஜன் குறைவு. முட்டையைத் தின்னும் மீன்களோ அதிகம். மேலே காற்று தாராளமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு முட்டைக்கும் சுண்ணாம்புச் சத்தாலான ஓடு உண்டு. அந்த ஓட்டின் வழியாகக் கரு சுவாசிக்கிறது. இந்தக் குடும்பத்து நத்தைகளின் கரு தன் முதல் ஓட்டைக் கட்டிக்கொள்ள முட்டை ஓட்டிலிருந்தே சுண்ணாம்பை எடுத்துக்கொள்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். குடியிருக்கும் வீட்டிலிருந்தே புது வீட்டுக்குச் செங்கல் எடுக்கும் இந்த ஏற்பாட்டை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

கள்ளக்குறிச்சிப் பக்கத்து நெல் வயல்களில் இதற்கு நெருங்கிய உறவு ஒன்று இருக்கிறது: நம் வயல் நத்தை. விலங்கியல் படித்தவர்களுக்கு அது பைலா. பைனி பிரசாத் 1925இல் அதன் உடற்கூற்றை விரிவாக எழுதிவைத்தார். இந்தியக் கல்லூரிகளில் மெல்லுடலிகளுக்கான பாடமே இந்த நத்தைதான். அதன் உடலில் செவுளும் உண்டு, நுரையீரலும் உண்டு. கழுத்தின் இடப்பக்கத்து மடலைக் குழலாகச் சுருட்டி நீர்ப்பரப்புக்கு நீட்டிக் காற்றை இழுக்கும். ஏரி வற்றினால் கெட்டியான மூடியை இறுக்கிக்கொண்டு சேற்றுக்குள் மாதக்கணக்கில் உறங்கும். மழை விழுந்ததும் எழுந்து வந்து, வரப்போர ஈர மண்ணில் குழிவான இடம் பார்த்து வெள்ளை முட்டைகளைக் குவியலாக இடும். அமேசான் நத்தை கண்ணாடியில் ஏறுவதும், நம்மூர் நத்தை வரப்பில் ஏறுவதும் ஒரே குடும்பத்துப் பழக்கம்.

இனி வளர்ப்புக்கு வருவோம். தொட்டியை விளிம்புவரை நிரப்பாமல் நான்கு விரற்கடையாவது காலி விட்டால்தான் தாய் ஏறி முட்டையிட இடம் கிடைக்கும். இந்த நத்தையில் ஆண், பெண் தனித்தனி. ஆனாலும் ஒற்றை நத்தை வாங்கி வந்தவர் வீட்டிலும் முட்டை வரும். கடையில் இணைசேர்ந்த பெண், விந்தைப் பல வாரங்கள் உடலில் சேமித்து வைத்துப் பயன்படுத்தக்கூடியது. புதிதாக இட்ட குலை மெத்தென்று இருக்கும், தொட்டால் நசுங்கும். ஒருநாள் பொறுத்து அது இறுகிய பின், பக்கவாட்டில் மெதுவாக நகர்த்தினால் கண்ணாடியிலிருந்து முழுசாகக் கழன்று வரும். ஈரமான டிஷ்யூ காகிதம் விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மூடியில் சின்ன ஓட்டைகள் போட்டு, நிழலில் வையுங்கள். குலையின் மேல் நீர் சொட்டக் கூடாது. காகிதம் காயவும் கூடாது. இரண்டு முதல் மூன்று வாரத்தில் குலை சாம்பல் பூத்து, அழுகியது போலத் தோன்றும். பலர் தூக்கி எறிவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையில் உள்ளே ஓடு கட்டிய குஞ்சுகளின் கருநிறம் வெளியே தெரிகிறது. அப்போது தொட்டித் தண்ணீரில் லேசாக நனைத்தால் மிளகைவிடச் சிறிய நத்தைகள், கொம்பும் கண்ணும் ஓடுமாக, உதிர்ந்து ஊரத் தொடங்கும். கல்வராயன் மலையில் வெள்ளிமலை, கரியாலூர் போன்ற இடங்களில் குளிர் நாள்களில் பொரிப்பு தள்ளிப்போகும். சமவெளியின் சித்திரை வெயிலிலோ குலை காய்ந்துவிடாமல் காப்பதுதான் பெரிய வேலை.

குஞ்சுகளுக்கு வெந்நீரில் வாட்டிய சுரைக்காய்த் துண்டு, கீரை, வெள்ளரிக்காய் போதும். அதைவிட முக்கியம் தண்ணீர். இங்கேதான் கள்ளக்குறிச்சிக்காரர்களும் மலைக்காரர்களும் வேறு வேறு வழியில் போக வேண்டும். காய்ச்சினால் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் சமவெளிப் போர் தண்ணீர், நத்தைக்கு நல்லது; ஓட்டுக்கு வேண்டிய கால்சியம் அதிலேயே கரைந்திருக்கிறது. கல்வராயன் மலையோ பெரும்பாலும் சார்னோக்கைட் பாறை. அதில் சுண்ணாம்புக்கல் போலக் கரைந்து வருவது குறைவு, ஓடைநீர் மென்மையானது. அந்த நீரில் வளரும் நத்தையின் ஓடு நுனியிலிருந்து அரித்து, வெளுத்து, குழி விழும். நாட்டு மருந்துக் கடையில் கடல் நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டில் ஒரு துண்டு தொட்டியில் போடுங்கள். கொதிக்கவைத்துக் கழுவிய கோழி முட்டை ஓடும் ஆகும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பை மட்டும் போட்டுவிடாதீர்கள். அது நீரின் காரத்தன்மையைச் சட்டென்று ஏற்றி எல்லாவற்றையும் கொன்றுவிடும். செம்பும் நத்தைக்கு நஞ்சு. செப்புக் குடத்துத் தண்ணீர், செம்பு கலந்த மீன் மருந்து இரண்டையும் தவிர்க்க வேண்டும். தொட்டியில் கை வைத்த பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். சில நத்தைகள் எலி நுரையீரல் புழுவின் இளம்புழுக்களைச் சுமக்கக்கூடும்.

ஒரு குலையில் நூற்றுக்கும் மேல் குஞ்சுகள் வரலாம். ஒரு தொட்டி இவ்வளவைத் தாங்காது. அப்போது வரும் ஆசைதான் ஆபத்தானது: ஏரியில் விட்டுவிடலாமே!

அப்படி விட்டதால் வந்த வினைகள் முன்பே உண்டு. 1847இல் வில்லியம் பென்சன் என்ற ஓட்டு உயிரின ஆர்வலர் மொரிஷியஸிலிருந்து ஆப்பிரிக்கப் பெருநத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். அங்கே சௌரங்கிப் பகுதித் தோட்டம் ஒன்றில் விடப்பட்ட அந்த வம்சம்தான் பின்னர் நாடெங்கும் தோட்டப் பயிர்களை மேயத் தொடங்கியது. மிஸ்டரி நத்தையின் உறவான தங்க ஆப்பிள் நத்தையை 1980 வாக்கில் உணவுக்காகத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். சந்தை எடுபடவில்லை, நத்தைகள் வாய்க்காலில் இறங்கின. சில ஆண்டுகளில் பிலிப்பைன்ஸ், வியட்நாம் நெல் வயல்களில் இளம் நாற்றுகளை இரவோடிரவாக அறுத்துத் தின்றன. மிஸ்டரி நத்தை அவ்வளவு பயிர்த்தின்னி அல்ல. ஆனாலும் அது இலங்கை நீர்நிலைகளில் குடியேறிவிட்டது. குட்டியாக இருக்கும்போது இரண்டையும் பிரித்தறிவது கடைக்காரருக்கே கடினம்.

கல்வராயனில் பிறக்கும் கோமுகியும் மணிமுத்தாறும் வெள்ளாற்றோடு சேர்ந்து பரங்கிப்பேட்டையில் கடலுக்குப் போகின்றன. வழி நெடுக ஏரி, வாய்க்கால், நெல் வயல். இங்கே விடும் ஒரு நத்தைக்கு அந்தப் பாதை முழுவதும் திறந்தே கிடக்கிறது. அங்கே நம் வயல் நத்தை இருக்கிறது. அதை நம்பி நத்தை குத்தி நாரை இருக்கிறது. வேண்டாத குலையை இட்ட ஓரிரு நாளிலேயே எடுத்து, பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒருநாள் வைத்துப் பிறகு குப்பையில் போடுங்கள். வளர்ந்தவை மிகுந்தால் கலர் மீன் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

வயல்காரர்களுக்கு ஓர் அடையாளம் சொல்ல வேண்டும். நம்மூர் வயல் நத்தையின் முட்டை வெள்ளை. அது வரப்பு மண்ணில்தான் கிடக்கும். நெல் தாளிலோ, மதகுச் சுவரிலோ, கோரைத் தண்டிலோ நீருக்கு மேலே இளஞ்சிவப்புக் குலை ஒட்டியிருந்தால் அது வெளியூர் நத்தை. படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே வட்டார வேளாண்மை அலுவலகத்தில் காட்டுங்கள்.