வாத்தியாராகவே நடித்த வாத்தியார்



பார்த்தால் ஆவணப்படம், உள்ளே அத்தனையும் கற்பனை. இப்படி ஆசிரியர்கள் படும் பாட்டைக் காட்டிச் சிரிக்கவைத்தது 2006இல் வந்த 'சாக்' என்ற அமெரிக்கப் படம். எழுதிய இருவருமே முன்னாள் ஆசிரியர்கள்.

பாரிசிலும் இதற்கொரு உறவுக்காரப் படம் உண்டு. 2008இல் வெளியான 'ஆந்த்ர் லே மூர்', அதாவது 'சுவர்களுக்கு நடுவே'. அந்நகரின் 20ஆம் வட்டாரத்துக் கொலேஜ் (நடுநிலைப் பள்ளி) ஒன்றின் மாணவர்களே மாணவர்களாக நடித்தார்கள். ஆசிரியராக வந்தவர் பிரான்சுவா பெகோதோ. தன் வகுப்பறை அனுபவத்தை நாவலாக எழுதியவரும் அவரே. இயக்குநர் லோரான் கான்தே மூன்று கமராக்களை வைத்துப் படம்பிடித்தார்.

முழு நகைச்சுவை என்று சொல்லமுடியாது. ஆனாலும் பள்ளிக்கூடக் கூட்டத்தில் கோப்பி மெசின் விலையைப் பற்றி ஆசிரியர்கள் மல்லுக்கட்டும் காட்சி இருக்கிறதே! எந்த ஊர் ஆசிரியர் அறைக்கும் அது பொருந்தும். வகுப்பிலோ, பேச்சில் யாருமே பயன்படுத்தாத ஒரு பிரெஞ்சு வினைவடிவத்தை எதற்குப் படிக்கவேணும் என்று பிள்ளைகள் மடக்குவார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் கேட்கிற கேள்விதான்.

கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது இந்தப் படத்துக்கே கிடைத்தது. அதற்கு முன் பிரெஞ்சுப் படம் ஒன்று அதை வென்றது 1987இல்.