வலி நின்ற பிறகு

இருதயத் தொடர்: 7

மாரடைப்பு வந்தவருடைய வீட்டார் வைத்தியரிடம் முதலில் கேட்பது "நோவு நிண்டிட்டா?" என்பதாகவும், நின்றுவிட்டது என்ற பதில் கிடைத்த மாத்திரத்தில் அடுத்துக் கேட்பது "எப்ப ஊட்டுக்குக் கொண்டு போகலாம்?" என்பதாகவும் இருப்பதை, பொத்துவிலில் மாத்திரமன்றி, அக்கரைப்பற்று, நிந்தவூர், கல்முனை என்று இக்கரையோரத்து ஆசுபத்திரி வாட்டு எதற்குச் சென்றாலும் கேட்கலாம். இந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையில் உள்ள நாட்களைப் பற்றியே இவ்வாரம் எழுத நினைக்கிறேன்.

வலி என்பது இரத்தமின்றித் தவிக்கும் தசையின் முறைப்பாடு. அடைபட்ட முடியுரு நாடி மருந்தினால் திறந்துகொண்டு மீண்டும் இரத்தம் பாயும்போது அந்த முறைப்பாடு அடங்குகிறது. நாடி திறவாமலே, அதை நம்பியிருந்த தசை மடிந்துபோனாலும் அடங்குகிறது. வெளியே நிற்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். அதனால்தான் நாடியை அடைத்த இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை ஏற்றி அறுபது முதல் தொண்ணூறு நிமிஷங்களுக்குள் மறுபடியும் ஈ.சி.ஜி. எடுத்து, மேலே தூக்கி நின்ற கோடு பாதியளவாவது இறங்கியிருக்கிறதா என்று வைத்தியர் பார்க்கிறார். நோயாளியின் முகத்தெளிவை மட்டும் அவர் சாட்சியாகக் கொள்வதில்லை.

என் பெரிய மாமா பெரும்போக அறுவடைக் காலத்தில், வயலிலிருந்து திரும்பிய ஒரு மாலையில், நெஞ்சு நோவோடு ஆசுபத்திரியில் சேர்க்கப்பட்டார். ஊசி ஏற்றினார்கள், வலி நின்றது. மூன்றாம் நாள், வயலில் வெட்டு நடக்கும்போது தாம் கட்டிலில் கிடப்பதா என்று அவர் பிடிவாதம் பிடிக்க, வைத்தியர் தடுத்தும் கேளாமல், அவருடைய மருமகன்மாரும் நானும் கையெழுத்துப் போட்டு அவரை வீட்டுக்கு அழைத்து வந்தோம். ஐந்தாம் நாள் சுபஹுக்கு முன், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, தண்ணீரில் அமிழ்ந்தவரைப் போல மூச்சுக்குத் தவித்தவர், கோமாரியைத் தாண்டுமுன் வாகனத்திலேயே மௌத்தானார். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்தும் இருந்தது.

என்ன நடந்திருக்கக்கூடும் என்பதைப் பின்னாளில் ஒரு வைத்தியர் எனக்கு விளக்கினார். மடிந்த இருதயத் தசை உடனே தழும்பாக இறுகிவிடுவதில்லை; வெண்குருதிக் கலங்கள் வந்து இறந்த பாகத்தைக் கரைத்து அகற்ற, அவ்விடத்தில் உறுதியான தழும்பு உண்டாவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் செல்கின்றன. பழைய தசை கரைந்தும் புதிய தழும்பு தோன்றாமலும் இருக்கிற முதல் வாரம்தான், விசேஷமாக மூன்றாம் நாள் தொட்டு ஐந்தாம் நாள் வரையில், மாரி மழையில் ஊறிய வரம்பைப் போல இருதயச் சுவர் இளகியிருக்கும் காலம். வெளிச்சுவர் வெடித்தால், இருதயத்தைச் சுற்றியுள்ள பையில் இரத்தம் நிரம்பி, இருதயம் விரிய இடமின்றி, சில நிமிஷங்களில் பிராணன் போய்விடும். இரு இதயவறைகளுக்கும் நடுவிலுள்ள சுவர் துவாரப்பட்டால் இரத்தம் வழிமாறிப் பாயும். வால்வை இழுத்துப் பிடித்திருக்கும் சிறு தசை அறுந்தாலோ, இரத்தம் பின்னோக்கிப் பாய்ந்து சுவாசப்பையை நீரால் நிரப்பும். மாமாவுக்கு நேர்ந்தது இதுவாக இருக்கலாம். இவற்றுக்கு மருந்தும், நாடிக்குள் பலூன் வைத்து இருதயத்துக்குத் துணைசெய்யும் கருவியும் அவகாசம் பெற்றுத் தருமேயன்றி, உண்மையான சிகிச்சை சத்திரசிகிச்சைதான். அதற்குக் கொழும்பு, கண்டி போன்ற பெருநகரங்களுக்கே செல்ல வேண்டும். நாடியை விரைவில் திறக்கும் வைத்தியம் வந்த பிறகு இவ்வெடிப்புகள் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கின்றன என்பது மெய். அந்த ஒருவர் எவரென்று மூன்றாம் நாள் எவராலும் சொல்ல முடியாது என்பதும் மெய்.

முறைப்படி எழுதுவதானால் முதல் மணித்தியாலத்திலிருந்தே தொடங்கியிருக்க வேண்டும். மாரடைப்பில் திடீரென்று நிகழும் மரணங்களில் மிகுதியானவை, இருதயம் துடிப்பதை விட்டு நடுங்கத் தொடங்குவதால், பெரும்பாலும் ஆசுபத்திரிப் படியை மிதிக்குமுன்பே நிகழ்கின்றன. 1960 இல் அமெரிக்காவின் பால்டிமோரில் கூவன்ஹோவனும் அவருடைய சகாக்களும், நெஞ்சைத் திறவாமலே கையால் அழுத்தி இரத்தத்தை ஓடச்செய்யலாமென்று காட்டினார்கள். மறுவருஷம் டெஸ்மண்ட் ஜூலியன் என்ற பிரித்தானிய வைத்தியர், மாரடைப்பு நோயாளிகளை ஒரே வாட்டில் சேர்த்து, இருதயத் துடிப்பை இடைவிடாது காட்டும் கருவியைப் பொருத்தி, மின்னதிர்ச்சி கொடுக்கப் பயின்றவர்களைப் பக்கத்தில் நிறுத்த வேண்டுமென்று எழுதினார். இன்று நம்மவர் கட்டிலருகே பீப் பீப் என்று ஒலிக்கும் அந்தப் பெட்டியின் பூர்வீகம் இதுவே. நடுக்கத்துக்கு மின்னதிர்ச்சி, துடிப்பு மிதமிஞ்சிக் குறைந்தால் அத்ரோப்பின் ஊசி, அதற்கும் சரிவராவிட்டால் தற்காலிகமாக ஒரு பேஸ்மேக்கர் கம்பி. இருதயத்தின் அடிப்பாகத்தில் வந்த மாரடைப்பானால் அந்தத் துடிப்புக் குறைவு பெரும்பாலும் சில நாட்களில் தானே நீங்கிவிடுவதும் உண்டு.

தசையில் பெரும்பகுதி சேதமுற்றால் வருவது பம்பின் தளர்ச்சி. நியூயோர்க்கில் கில்லிப், கிம்பல் என்ற இருவர் 250 நோயாளிகளைக் கவனித்து 1967 இல் எழுதிய கட்டுரையில், தளர்ச்சியின் குறி எதுவுமில்லாதவர்களில் நூற்றுக்கு 6 பேரும், இரத்த அழுத்தம் வீழ்ந்து கைகால் குளிர்ந்துபோன அதிர்ச்சி நிலையினரில் 81 பேரும் இறந்ததாகக் கண்டார்கள். சுவாசப்பையில் நீர் கோத்தால் ஒட்சிசனும், நீரை இறக்கும் பிரூசமைட் ஊசியும் உதவுகின்றன. அதிர்ச்சி நிலைக்கு அழுத்தத்தைத் தாங்கும் மருந்துகள் ஒருபுறம் இருக்க, அடைபட்ட நாடியைப் பலூனால் திறப்பதே பிரதான சிகிச்சை. அப்படியும் பாதிக்குப் பாதி என்ற அளவிலேயே பிழைக்கிறார்கள்.

இங்கேதான் பொத்துவிலின் பூகோளம் குறுக்கே வந்து நிற்கிறது. பலூன் சிகிச்சைக் கூடம் நம்மூரில் இல்லை; மட்டக்களப்பு நூறு கிலோமீற்றருக்கு அப்பால், கொழும்பு முந்நூறுக்கு அப்பால். இரண்டு மணித்தியாலத்துக்குள் பலூனை எட்ட முடியாத இடத்தில் முதலில் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட்டுவிட்டு, பிறகு இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் பெரிய ஆசுபத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்பதே இன்றைய வைத்திய விதி. ஊசி ஏற்றியும் நாடி திறக்கவில்லையென்று ஈ.சி.ஜி. காட்டினால் அத்தனை நேரமும் காத்திராமல் உடனே அனுப்ப வேண்டும். தமிழ்நாட்டில் தோமஸ் அலெக்ஸாண்டர், அஜித் முல்லசாரி முதலிய வைத்தியர்கள் 2012 முதல் 2014 வரை 2,420 நோயாளிகளைக் கொண்டு, சிற்றூர் ஆசுபத்திரிகளைப் பெரிய ஆசுபத்திரிகளோடு இம்முறையில் பிணைத்துப் பார்த்தபோது, ஒரு வருஷத்துக்குள் இறந்தவர்களின் தொகை நூற்றுக்கு 17.6 இலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. அதற்கென்று புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்த ஆசுபத்திரிகளும் அம்புலன்சும் தொலைபேசியும் ஒழுங்காக இணைக்கப்பட்டன. நமது கரையோரத்துக்கும் அவ்வித ஏற்பாடு வேண்டுமென்று கேட்பது பேராசையாகாது.

பிற்பட்ட உபத்திரவங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அசைவற்றுப்போன சுவரின்மேல் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குச் சென்று பாரிசவாதத்தை உண்டாக்கலாம்; எக்கோ பரிசோதனையில் அது தென்பட்டால் சில மாதங்களுக்கு வார்பரின் கொடுப்பார்கள். சில வாரங்கள் கழித்துக் காய்ச்சலும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சுக் குத்தும் வந்தால், அது 1956 இல் டிரெஸ்லர் என்ற வைத்தியர் விவரித்த இருதயப் பையின் அழற்சியாக இருக்கக்கூடும். மறுபடியும் மாரடைப்போ என்று கலங்குமுன் வைத்தியரிடம் காட்டுக. நோன்பு மாதத்தில் கிளினிக் குளிசைகளைத் தாமாக நிறுத்துகிறவர்கள் நம்மிடையே அநேகர். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நாடிக்குள் ஸ்டென்ட் வைத்தவர் அஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் திடீரென்று நிறுத்தினாலோ அதே நாடி மறுபடியும் அடைபடும் அபாயம் உண்டு. நோன்பு பிடிக்கலாமா, பிடிப்பதானால் சஹருக்கும் இப்தாருக்கும் குளிசைகளை எப்படிப் பிரித்து உட்கொள்வது என்பதை ரமழானுக்கு முந்திய கிளினிக்கிலேயே கேட்டுவிடுங்கள்.

வாசகர்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. நெஞ்சு நோவு வந்தால் வாயு என்று இஞ்சி இடித்துக்கொண்டிராமல் உடனே 1990 க்கு அழையுங்கள். அழைப்புக்கும் காசில்லை, வண்டிக்கும் காசில்லை. உங்கள் வாப்பாவோ மாமாவோ மூன்றாம் நாள் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, எனக்குச் சுகம், ஊட்டுக்குப் போவோம் என்று சொன்னால், அவரோடு சண்டை பிடித்தாவது இருக்கவையுங்கள். வைத்தியர் துண்டு வெட்டும்வரை எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

(தொடரும்)