ரெண்டு கையிலும் பாரம்: ஃபார்மர்ஸ் வாக் பற்றிச் சில குறிப்புகள்

ஜிம்மில் முதல் தடவை பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடிய பயிற்சி இது. இரண்டு கையிலும் கனமான டம்பெல்லைத் தூக்கிக்கொண்டு நடக்கணும், அவ்வளவுதான். பேர் ஃபார்மர்ஸ் வாக். தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த தலைமுறைக்கு, "இதைப் போய் காசு கட்டியா செய்யணும்?" என்றுதான் தோன்றும்.

நியாயமான கேள்வி. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. அன்றாடச் சுமையில் சாமான் வீடு போய்ச் சேர்ந்தால் போதும். முதுகு எப்படிக் கோணினாலும் யாரும் கவனிப்பதில்லை. பயிற்சியில் முதுகுதான் முக்கியம். சாமான் வெறும் சாக்கு.

ஒரு கையா, இரண்டு கையா?

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரே கையில் 20 கிலோ பையுடன் நிற்கிறீர்கள். பை உங்கள் முதுகெலும்பிலிருந்து ஏறத்தாழ 30 செ.மீ. தள்ளித் தொங்குகிறது. அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடாமல் உங்களைப் பிடித்து வைப்பது எதிர்ப்பக்க இடுப்புத் தசைகள். அவை முதுகெலும்புக்கு 10 செ.மீ. தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். தராசுக் கணக்குதான்: 20 × 30 ÷ 10 = 60. அதாவது 60 கிலோவுக்குச் சமமான விசையில் அந்தத் தசைகள் இழுக்கணும். பையின் 20, தசையின் 60 இரண்டும் முதுகெலும்பை அழுத்துவதால் மொத்தம் 80.

இப்போ இன்னொரு கையிலும் 20 கிலோ கொடுங்கள். இரண்டு பக்க இழுப்பும் ஒன்றையொன்று சமன் செய்துவிடும். முதுகெலும்பில் கூடுதலாக ஏறுவது 40 மட்டும். தூக்கியது இரண்டு மடங்கு, அழுத்தம் பாதி!

இது காகிதக் கணக்கோடு நிற்கவில்லை. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலை ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில் குழு, ஆட்களைச் சுமையோடு நடக்க வைத்து அளந்து 2013-இல் வெளியிட்டது. ஒரே கையில் 30 கிலோ சுமப்பதைவிட, கைக்கு 30 கிலோ வீதம் 60 கிலோ சுமக்கும்போது கீழ்முதுகில் அழுத்தம் குறைவாக இருந்தது. அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் இரண்டு கையிலும் சம எடையோடு தொடங்குவதுதான் சரி.

எப்படிச் செய்வது?

எடை: 60 கிலோ உடம்புக்கு, கைக்கு 8 முதல் 10 கிலோ போதும். டம்பெல் இல்லையா? மூடி போட்ட 10 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு எடுத்துக்கோங்க. முழுசா நிரப்புங்க, அரைகுறையாக இருந்தால் தண்ணீர் அலம்பி உங்களையும் சேர்த்து ஆட்டும்.

தூக்குவது: எடைகள் பாதத்தின் இரு பக்கமும் இருக்கட்டும். பின்னால் இருக்கும் நாற்காலியில் உட்காரப் போவது மாதிரி பின்பக்கத்தைத் தள்ளி, முழங்காலை மடக்கி இறங்குங்க. முதுகு வளையக்கூடாது. காலால் தரையை அழுத்தி எழுந்திருங்க. முழுசா நிமிர்ந்து, ஒரு மூச்சு விட்ட பிறகுதான் முதல் அடி.

நடப்பது: பார்வை நேராக. தோளைக் காதை நோக்கித் தூக்க வேண்டாம், பட்டாளத்துக்காரர் மாதிரி நெஞ்சை விடைக்கவும் வேண்டாம். யாரோ வயிற்றில் குத்த வருகிறார்கள் என்றால் எப்படி இறுக்குவீங்களோ, அதில் பாதி இறுக்கம் போதும். அடிகள் சின்னதாக, சத்தமில்லாமல் விழணும். மூச்சை அடக்காதீங்க. நடுவில் ஒரு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் எடை அதிகம்.

திரும்புவது: இடுப்பை முறுக்காமல், சின்ன அடிகளாக வைத்து அரைவட்டம் போட்டுத் திரும்புங்க.

இறக்குவது: பிடி நழுவுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். இன்னும் நாலஞ்சு அடி நடக்கலாம் என்று தோன்றும்போதே நின்று, தூக்கின மாதிரியே இறக்குங்க. களைத்த நேரத்தில் "முடிஞ்சுது" என்று முதுகை வளைத்துப் பொத்தென்று போடுவது, அதுவரை பட்ட சிரமத்தை வீணாக்குகிற வேலை.

20 மீட்டர், மூன்று நடை, இடையில் ஒரிரு நிமிஷம் ஓய்வு, வாரத்துக்கு இரண்டு நாள். முதலில் தூரத்தைக் கூட்டுங்க. 40 மீட்டர் சுலபமான பிறகு, கைக்கு 2 கிலோ ஏற்றலாம். சில வாரம் கழித்து, பாதி எடையோடு ஒற்றைக் கை நடையையும் முயற்சி செய்யலாம். இதற்கு சூட்கேஸ் கேரி என்று பெயர். மேலே சொன்ன எதிர்ப்பக்கத் தசைகளுக்கு இதில்தான் நேரடி வேலை. சாயாமல் நடப்பதுதான் பரீட்சை. போனில் வீடியோ எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு பக்கமும் சமமாகச் செய்யணும்.

எதற்கு இவ்வளவு?

கைப்பிடி வலிமை நம் உடல்நிலையைப் பற்றி நிறையச் சொல்லும். இந்தியா உள்பட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2015-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில், பிடி வலிமை குறைந்தவர்களிடம் இறப்பு விகிதம் கூடுதலாக இருந்தது. கையை இறுக்கினால் ஆயுள் கூடும் என்று இதற்கு அர்த்தமில்லை. உடம்பு மொத்தமாகத் தேயும்போது பிடியும் தேய்கிறது; பிடி ஓர் அடையாளம். ஆனால் வயதான காலத்தில் பை தூக்க, மாடி ஏற, தடுக்கினால் விழாமல் நிற்க வேண்டிய தசைகள் எல்லாம் இந்த ஒரு நடையில் வேலை செய்கின்றன என்பது உண்மை.

ஒரு எச்சரிக்கை. கையை இறுக்கிப் பிடிக்கும்போது ரத்த அழுத்தம் ஏறும். பிரஷர், இதயக் கோளாறு, குடலிறக்கம், டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரிடம் கேட்காமல் தொடங்க வேண்டாம். காலுக்கு இறங்கும் வலி, மரத்துப்போதல், தலைசுற்றல், நெஞ்சில் அழுத்தம் – எது வந்தாலும் அங்கேயே இறக்கி வைத்துவிடணும். ஈரமான டைல்ஸ் தரையிலும் ரப்பர் செருப்போடும் இதைச் செய்யாதீங்க.

பயிற்சியே வேண்டாம் என்கிறவர்களும் ஒன்று மட்டும் செய்யலாம். அடுத்த தடவை மளிகைக் கடையில், "எல்லாத்தையும் ஒரே பையில போடுங்க" என்பதற்குப் பதிலாக, இரண்டு பையில் சமமாகப் பிரித்துப் போடச் சொல்லுங்க.