நாய்க்கு நம் மாத்திரை வேண்டாம்!

திருப்பத்தூர் மாவட்டம் ஜவ்வாது மலையில் உள்ள நெல்லிவாசல்நாடு போன்ற ஊர்களில் நாய் வெறும் செல்லப்பிராணி அல்ல. சாமை, கேழ்வரகு நிலத்தில் காட்டுப்பன்றி நுழைந்தால் முதலில் குரல் கொடுப்பதும், ஆட்டுப்பட்டிக்குக் காவல் இருப்பதும் அதுதான். தானியத்தை எலியிடமிருந்து காப்பது பூனை. மாடு படுத்தால் மருத்துவரைத் தேடும் நாம், நாய் படுத்தால் மட்டும் வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தைக் கொடுத்துப் பார்க்கிறோம். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

மனித மருந்து: பாராசிட்டமாலை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே அதன் உயிரைப் பறித்துவிடும். நாய்க்கும் அளவு மிஞ்சினால் கல்லீரல் கெடும். வலிக்கு நாம் போடும் இபுபுரூபன், டைக்ளோபினாக் ஆகியவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

மாட்டு மருந்து: மாட்டுக்கான 1 சதவீத ஐவர்மெக்டின் ஊசி, 50 கிலோ எடைக்கு 1 மில்லி என்ற கணக்கில் போடப்படுவது. அதே 1 மில்லியை 12 கிலோ நாய்க்குப் போட்டால், எடைக்கு நான்கு மடங்கு மருந்து ஏறிவிடும்.

பயிர் மருந்து: உண்ணி ஒழிய மோனோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் போன்ற பூச்சிக்கொல்லிகளை ஒருபோதும் தடவாதீர்கள். தோல் வழியாகவும், நக்குவதாலும் விஷம் உள்ளே போகும். எச்சில் வடிதல், நடுக்கம், வலிப்பு கண்டால் கையுறை அணிந்து சோப்பு நீரால் கழுவி, மருந்து டப்பாவுடன் மருத்துவரிடம் செல்லுங்கள்.

குடற்புழு நீக்கம்: குட்டிக்கு 2 வார வயதில் தொடங்கி, 2 மாதம் வரை 2 வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு 6 மாதம் வரை மாதம் ஒரு முறையும், அதன்பின் 3 மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். அளவு எடையைப் பொறுத்தது. நாயைத் தூக்கிக்கொண்டு எடைக்கருவியில் நின்று, உங்கள் எடையைக் கழித்தால் நாயின் எடை தெரிந்துவிடும்.

கொடுக்கும் முறை: சிறிய களி உருண்டை ஒன்றை மருந்தில்லாமல் முதலில் போடுங்கள். அடுத்த உருண்டைக்குள் மாத்திரையை வையுங்கள். சாப்பிடாவிட்டால், வாயைத் திறந்து நாக்கின் அடிப்பகுதியில் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையை மெல்லத் தடவுங்கள், விழுங்கிவிடும். திரவ மருந்தை ஊசி நீக்கிய சிரிஞ்சில் எடுத்து, கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே சிறிது சிறிதாக விடுங்கள். தலையை அண்ணாத்திப் பிடித்து ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். ஆட்டுக்கு மருந்து ஊற்றும்போதும் இதே கவனம் வேண்டும். மருத்துவர் எழுதிய நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரையை, நாய் எழுந்து நடந்துவிட்டது என்று பாதியில் நிறுத்தாதீர்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி: 3 மாத வயதில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும். இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. அடிவாரத்திலிருந்து சட்டைப்பையில் கொண்டுவந்த மருந்தை நம்ப முடியாது. ஊருக்கே முகாம் கேட்டு, எல்லா நாய்களுக்கும் ஒரே நாளில் போடுவதே நல்லது. நாய் கடித்தால் காயத்தைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையம் செல்லுங்கள். நோய் முற்றிய பின் மனிதருக்கும் மருந்து கிடையாது.

சந்தேகம் வந்தால் மருந்துக்கு முன் 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழையுங்கள்.