பம்புசெட் ஸ்டார்ட்டருக்கு ஏற்ற சிம் எது? செஞ்சிப் பகுதி விவசாயிகள் கவனத்திற்கு

செஞ்சி வட்டாரத்தில் மணிலா, நெல் ஆகிய பயிர்கள் பெரிதும் கிணற்றுப் பாசனத்தை நம்பியே பயிரிடப்படுகின்றன. மும்முனை மின்சாரம் முறை வைத்து வந்த நாட்களில், நள்ளிரவில் டார்ச் விளக்குடன் வரப்பில் நடந்து சென்று மோட்டார் போட வேண்டியிருந்தது. கைபேசி மூலம் இயங்கும் ஸ்டார்ட்டர் கருவி வந்த பின்னர் இந்த அலைச்சலும், இருட்டில் பாம்பை மிதிக்கும் அபாயமும் வெகுவாகக் குறைந்துள்ளன. மின்சாரம் வந்ததும் கருவி தகவல் தருகிறது. வீட்டிலிருந்தபடியே ஓர் அழைப்பு கொடுத்தால் மோட்டார் ஓடுகிறது. இந்தக் கருவிக்கு வேளாண்மைப் பொறியியல் துறை மூலம் மானியமும் அறிவிக்கப்பட்டது.

இக்கருவியின் உள்ளே ஒரு சிம் அட்டை இருக்கிறது. காயிலுக்கும் கேபிளுக்கும் காட்டும் கவனத்தைப் பலர் இந்தச் சிம்முக்குக் காட்டுவதில்லை. கடைத்தெருவில் எந்தக் கம்பெனி சலுகை தருகிறதோ அதை வாங்கிப் போட்டுவிடுகிறார்கள். பிறகு மோட்டார் ஓடவில்லை என்று மெக்கானிக்கை அழைக்கிறார்கள்.

காரணம் எளிது. பல விவசாயிகளிடம் உள்ள ஸ்டார்ட்டர்கள் 2ஜி அலைவரிசையில் மட்டுமே இயங்குபவை. 2016 செப்டம்பரில் சேவை தொடங்கிய ஜியோவிடம் 2ஜி கிடையாது. தொடக்கத்தில் அது 4ஜி மட்டுமே தந்தது. எனவே 2ஜி ஸ்டார்ட்டரில் ஜியோ சிம்மைப் போட்டால் கருவி சிக்னலை எடுக்காது. கருவி கெட்டுவிட்டது என்று பொருளல்ல. 4ஜி ஸ்டார்ட்டர் வாங்கியவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். ஆகியவை 2ஜி சேவையை வைத்துக்கொண்டிருக்கின்றன. ஏர்டெல் 2020ஆம் ஆண்டுவாக்கில் 3ஜியை நிறுத்தியபோதுகூட 2ஜியை நிறுத்தவில்லை. ஆயினும் 2ஜி என்றைக்கும் இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. இனிப் புதிதாக ஸ்டார்ட்டர் வாங்குவோர், விலை சற்றுக் கூடினாலும் 4ஜியில் இயங்குவதையே கேட்டு வாங்குதல் நல்லது.

மலை மறைவும் சிக்னலும்

அடுத்து டவர் விஷயம். செஞ்சியைச் சுற்றிலும் பாறைக் குன்றுகள். ராஜகிரி மட்டும் சுமார் 800 அடி உயரம். கோட்டை கட்டியவர்களுக்கு அரணாக இருந்த இதே பாறைகள் இன்று கைபேசி அலைகளுக்கும் அரணாகிவிடுகின்றன. குன்றின் ஒரு பக்கம் டவர் இருந்தால் மறுபக்கத்து நிலத்தில் சிக்னல் மங்கும். 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் தொலைவு செல்லும். தடைகளை ஓரளவு வளைந்தும் கடக்கும். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸ் அலை மிக வேகமாகத் தகவல் தருமே தவிர, தொலைவு செல்லாது. ஆகவே பேருந்து நிலையத்தில் 5ஜி பாய்கிறது என்பதால் கிணற்றடியிலும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

வேகமும் வாய்க்கால் நீர் போன்றதுதான். ஒரே டவரில் பலர் ஒரே நேரத்தில் படம் பார்த்தால், கடைமடைக்காரருக்குத் தண்ணீர் எட்டாததுபோல, தொலைவில் இருப்பவருக்குத் தகவல் நத்தை வேகத்தில் வரும்.

2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராய் தர விதிகளின்படி, ஒவ்வொரு கம்பெனியும் எந்த ஊரில் எந்தச் சேவை கிடைக்கிறது என்ற வரைபடத்தைத் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். பள்ளி செல்லும் பிள்ளைகளைக் கொண்டு இதைப் பார்க்கச் செய்யலாம். எனினும் வரைபடத்தை மட்டும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். பக்கத்து நிலத்துக்காரரின் கைபேசியை வாங்கி, ஸ்டார்ட்டர் பெட்டி இருக்கும் இடத்திலேயே, பெட்டிக் கதவைச் சாத்திய உயரத்தில் வைத்துப் பார்ப்பதே உறுதியான சோதனை.

பி.எஸ்.என்.எல். நிறுவனம் 2025 செப்டம்பர் 27 அன்று, உள்நாட்டிலேயே உருவாக்கிய கருவிகளுடன் கூடிய 4ஜி சேவையை நாடு முழுவதும் தொடங்கியது. அப்போது சுமார் 97,500 டவர்கள் கணக்கில் சொல்லப்பட்டன. பழைய சிம் வைத்திருப்போர் 4ஜி சிம்மாக மாற்றினால்தான் இந்த வசதி கிட்டும். எந்தக் கம்பெனியானாலும், சிம்மை மாற்றிய பின் 24 மணி நேரத்திற்குக் குறுஞ்செய்தி வராது, போகாது என்பதை நினைவில் வைக்க வேண்டும். குறுஞ்செய்தியால் மோட்டாரை இயக்குவோர் நாற்று நட்ட மறுநாளில் சிம் மாற்றப் போகக் கூடாது.

சலுகைக் கணக்கு

2024 ஜூலை முதல் வாரத்தில் தனியார் கம்பெனிகள் மூன்றும் கட்டணத்தை உயர்த்தின. அந்த ஒரு மாதத்தில் ஏறத்தாழ 29 லட்சம் பேர் பி.எஸ்.என்.எல். பக்கம் கூடினார்கள். 2025 ஆகஸ்டில் அந்நிறுவனம் புதிய வாடிக்கையாளருக்கு ஒரு ரூபாயில் 30 நாள் சேவை தந்தது. இத்தகைய சலுகைகள் பெரும்பாலும் முதல் மாதத்திற்கு மட்டுமே. இரண்டாம் மாதம் என்ன விலை என்று கேட்ட பின்னரே சிம் வாங்க வேண்டும்.

28 நாள் திட்டத்தில் ஆண்டுக்கு 13 முறை பணம் கட்ட நேரிடும் என்பதும் பலர் கவனிக்காத ஒன்று. ஸ்டார்ட்டருக்குப் படமும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். அழைப்பும் குறுஞ்செய்தியும் போதும். 2024 டிசம்பரில் டிராய் பிறப்பித்த விதியால், பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான தனித் திட்டத்தைக் கம்பெனிகள் கட்டாயம் தர வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் ஏர்டெல் இத்தகைய ஓராண்டுத் திட்டத்தை 1,849 ரூபாய்க்கு அறிவித்தது. அப்போது அதன் 28 நாள் திட்டம் 199 ரூபாய். 13 முறை கட்டினால் 2,587 ரூபாய். வித்தியாசம் 738 ரூபாய். விலைகள் மாறக்கூடியவை, கணக்கு போடும் முறை மாறாது. இத்திட்டங்களைக் கடைக்காரர் தாமாக எடுத்துச் சொல்வது அரிது. பேச்சு மட்டும் உள்ள திட்டம் வேண்டும் என்று கேட்க வேண்டும்.

விவசாயிக்கு வேண்டியதையே சேர்த்து விற்ற காலமும் உண்டு. 2007இல் இப்கோவும் ஏர்டெலும் கூட்டாகத் தொடங்கிய இப்கோ கிசான் சஞ்சார், கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகச் சிம் விற்று, பயிர், வானிலை, சந்தை பற்றிய குரல் செய்திகளை நாள்தோறும் இலவசமாக அனுப்பியது. பார்க்காத இரண்டு ஜி.பி.யைவிட அந்த ஒரு நிமிடச் செய்தி உழவருக்கு உதவியிருக்கும்.

சாலையோரக் குடைக் கடைகளில் சிம் வாங்கும்போது கட்டை விரலை ஒருமுறைக்கு மேல் வைக்கச் சொன்னால் காரணம் கேட்க வேண்டும். உங்கள் பெயரில் இன்னொரு சிம் வேறு யாருக்கோ போய்விடக் கூடும். நம் பெயரில் எத்தனை எண்கள் உள்ளன என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் காணலாம்.

எண்ணை இழக்க வேண்டாம்

2018 பிப்ரவரியில் ஏர்செல் முடங்கியபோது தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் திகைத்து நின்றனர். இன்று அப்படி நேர்ந்தால் இழப்பு அதிகம். பி.எம். கிசான் தவணை, வங்கிக் கணக்கு, ஆதார் எல்லாம் ஒரே எண்ணில் கட்டப்பட்டுள்ளன. ரீசார்ஜ் செய்யாமலும் உபயோகிக்காமலும் 90 நாள் விட்டுவிட்டால் இணைப்பு துண்டிக்கப்படலாம். பின்னர் அந்த எண் வேறொருவருக்குப் போகும். எனவே ஆதாரில் உள்ள எண்ணை ஸ்டார்ட்டர் பெட்டியில் பூட்டி வைக்க வேண்டாம். ஸ்டார்ட்டருக்குத் தனிச் சிம் வைப்பதே முறை.

கம்பெனியை மாற்ற விரும்புவோர் எண்ணை மாற்றத் தேவையில்லை. ஆங்கிலத்தில் போர்ட் என்று தட்டி, ஓர் இடம் விட்டு, கைபேசி எண்ணையும் சேர்த்து 1900க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் ஒரு குறியீடு வரும். அது நான்கு நாட்களுக்குச் செல்லும். இப்போதுள்ள கம்பெனியில் 90 நாள் ஆகியிருக்க வேண்டும். சிம் மாற்றியிருந்தால் அதற்குப் பின் 7 நாள் பொறுக்க வேண்டும். மாற்றும்போது சில மணி நேரம் இணைப்பு இராது. அதனால் பாசனம் முடிந்த மறுநாளில் மாற்றுவது உத்தமம்.

பயிர் பற்றிய சந்தேகங்களுக்கு சாதாரண கைபேசியிலிருந்தே 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மைய எண்ணைக் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கட்டணமின்றி அழைக்கலாம்.