பனிக்கட்டியாறு உருகினால் ஆற்றின் நீர் கூடுமா, குறையுமா?

"காலநிலை மாற்றத்தினால் பனிக்கட்டியாறுகள் உருகுகின்றன. அவற்றினால் போசிக்கப்படும் ஆறுகளின் நீர்வளத்துக்கு யாது நிகழும்?" என்ற வினாவுக்கு மாணவர் பலர் "நீர் கூடும்" என்றும், வேறு சிலர் "நீர் குறையும்" என்றும் எழுதுகின்றனர். இவ்விரண்டும் பாதி விடைகளே. நீர் முதலில் கூடும், பின்னர் குறையும். இதனைப் பெரு நாட்டின் சாந்தா ஆற்றை உதாரணமாகக் கொண்டு விளங்கிக்கொள்வோம்.

1. அமைவிடம்

சாந்தா ஆறு தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலைத்தொடரில் ஊற்றெடுத்துப் பசுபிக் சமுத்திரத்தில் கலக்கின்றது. இதன் கிழக்கே கோர்டிலேரா பிளாங்கா எனப்படும் வெண்மலைத்தொடர் அமைந்துள்ளது. இங்குள்ள ஹுவாஸ்கரான் சிகரம் 6768 மீற்றர் உயரமானது. இப்பிரதேசம் அயனவலயத்தில் அமைந்திருந்தும், உயரம் காரணமாக இங்கு பனிக்கட்டியாறுகள் காணப்படுகின்றன. உலகின் அயனவலயப் பனிக்கட்டியாறுகளில் ஏறத்தாழ 70 சதவீதம் பெருவிலேயே உள்ளன.

ஆறு கடலை அடையும் கரையோரமோ பாலைவனமாகும். பெரு குளிர் நீரோட்டம் காற்றின் கீழ்ப்படையைக் குளிரச் செய்வதால் காற்று மேலெழுந்து மழை பொழிவதில்லை. ஆண்டு மழைவீழ்ச்சி பெரும்பாலும் 50 மில்லிமீற்றரிலும் குறைவாகும்.

2. பனிக்கட்டியாற்றின் பணி

மலைப்பகுதியில் ஒக்டோபர் முதல் ஏப்ரல் வரை மழை பெய்யும். மே முதல் செப்டெம்பர் வரை வறண்ட பருவமாகும். மழைக்காலத்தில் உச்சிகளில் விழும் மழைப்பனி இறுகிப் பனிக்கட்டியாகச் சேர்கின்றது. வறண்ட மாதங்களிலும் பனிக்கட்டி சிறிது சிறிதாக உருகி ஆற்றுக்கு நீரூட்டுகின்றது. எனவே பனிக்கட்டியாற்றை அணைக்கட்டில்லாத ஒரு குளம் எனலாம்.

3. வட்டியும் முதலும்

வங்கியில் வைப்பிலிட்ட பணத்தின் வட்டியை மட்டும் செலவு செய்தால் முதல் குறையாது. முதலிலும் கைவைத்தால் சில காலம் கையில் பணம் தாராளமாகப் புழங்கும். ஆனால் முதல் குறையக் குறைய வட்டியும் குறைந்து, ஈற்றில் இரண்டும் இல்லாமற்போகும். பனிக்கட்டியாற்றின் நிலையும் இதுவே.

(அ) சமநிலைக் கட்டம்: ஆண்டுதோறும் சேரும் பனியின் அளவும் இழக்கப்படும் பனியின் அளவும் ஏறத்தாழச் சமமாகும். ஆறு வட்டியை மட்டும் பெறுகின்றது.

(ஆ) அதிகரிப்புக் கட்டம்: சுவட்டு எரிபொருள் தகனத்தால் காபனீரொட்சைட்டு அதிகரித்து வெப்பநிலை உயர்கின்றது. சேர்வதிலும் கூடுதலான பனி உருகுகின்றது. ஆற்றில் நீர் பெருகுகின்றது. இது மேலதிக வருமானமன்று; முதலே கரைகின்றது.

(இ) வீழ்ச்சிக் கட்டம்: பனிக்கட்டியாற்றின் பரப்பு சுருங்குவதால், வெப்பம் கூடினாலும் உருகுவதற்குப் போதிய பனி இருப்பதில்லை. நீரோட்டம் ஓர் உச்சத்தை அடைந்த பின்னர் குறையத் தொடங்குகின்றது.

சாந்தா ஆற்றின் பெரும்பகுதி இன்று மூன்றாவது கட்டத்தில் உள்ளதாகக் கருதப்படுகின்றது. வெண்மலைத்தொடரில் 1970 ஆம் ஆண்டளவில் 700 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்டிருந்த பனிக்கட்டிப் பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அழிந்துவிட்டது. 2012 இல் வெளியான ஓர் ஆய்வின்படி, ஆராயப்பட்ட ஒன்பது வடிநிலங்களுள் ஏழு தமது உச்சத்தைப் பெரும்பாலும் கடந்துவிட்டன.

4. விளைவுகள்

• விவசாயம்: சவிமோச்சிக் நீர்ப்பாசனத் திட்டம் சாந்தா ஆற்று நீரைக் கால்வாய் மூலம் பாலைவனத்துக்குக் கொண்டுசெல்கின்றது. அஸ்பரகஸ், அவக்காடோ, புளூபெரி ஆகியன ஏற்றுமதிக்காக அங்கு பயிரிடப்படுகின்றன. இத்தோட்டங்கள் விரிவடைந்த காலத்தில் ஆற்றில் ஓடிய நீரில் கரைந்த "முதலும்" கலந்திருந்தது. அந்நீர் என்றும் கிடைக்கும் என நம்புவதே இங்குள்ள பெரும் ஆபத்தாகும்.

• நீர்ப் பிணக்குகள்: மின் உற்பத்திக்கும் விவசாயத்துக்கும் நீர் தேவைப்படும் காலங்கள் ஒன்றல்ல. 2008 இல் பரோன் ஏரியின் நீர் திறப்பு வாயிலை உள்ளூர் விவசாயிகள் மின் உற்பத்தி நிறுவனத்திடமிருந்து தமது கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தனர்.

• நீரின் தரம்: பஸ்தொரூரி போன்ற இடங்களில் பனி விலகியதும் கந்தகம் அடங்கிய பாறைகள் வெளிப்படுகின்றன. இவை காற்றுடனும் நீருடனும் தாக்கமுற்று நீரை அமிலமாக்குவதுடன் உலோகங்களையும் சேர்க்கின்றன. நீர் இருந்தும் பயன்படுத்த முடியாத நிலை தோன்றுகின்றது.

• வெள்ளப்பெருக்கு: உருகிய நீர் பனிக்கட்டிப் படிவுகளுக்குப் பின்னால் ஏரியாகத் தேங்குகின்றது. 1941 டிசம்பர் 13 இல் பல்ககோச்சா ஏரி உடைத்து ஹுவாரஸ் நகரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் ஒரே மலை காரணமாவதைக் கவனியுங்கள்.

5. தணிக்கும் வழிகள்

ஆபத்தான ஏரிகளின் நீர்மட்டத்தைக் குழாய்கள், வடிகால்கள் மூலம் குறைத்தல், மழைக்கால நீரைத் தேக்குதல், நீரைப் பிடித்துவைக்கும் உயர்மலைச் சதுப்பு நிலங்களைப் பாதுகாத்தல், சொட்டு நீர்ப்பாசனம், குறைந்த நீரில் விளையும் பயிர்கள் என்பன பயனளிக்கும். ஆயினும் பச்சைவீட்டு வாயுக்களின் வெளியீட்டைக் குறைக்காவிடின் இவை தற்காலிகத் தீர்வுகளே.

விடை எழுதும்போது கவனிக்க

1. "நீர் கூடும்" அல்லது "குறையும்" என்பதுடன் நிறுத்தாது, எக்கட்டத்தில் என்பதையும் குறிப்பிடுக.
2. ஆண்டின் மொத்த நீரளவை மட்டும் கருதாது, வறண்ட பருவத்தின் நீரளவையும் கவனிக்க. மழைவீழ்ச்சி மாறாதிருந்தாலும் பனிக்கட்டியாறு அழிந்தால் அப்பருவத்தில் பற்றாக்குறை ஏற்படும்.
3. நீரின் அளவு, நீரின் தரம் ஆகிய இரண்டையும் எழுதுக.

பயிற்சி வினா

சாந்தா ஆற்றில் நீர் பெருகிய ஆண்டுகளில் ஒரு விவசாயி, "நமக்கு இனிக் குறையில்லை" என்று கூறியிருப்பின், அவருக்கு நீங்கள் அளிக்கும் விளக்கத்தை ஐந்து வசனங்களில் எழுதுக.