நீர் இறைத்த காற்றாலை: கொங்கு நாட்டில் ஏன் நிலைக்கவில்லை?

பாலக்காட்டுக் கணவாய் வழியே நுழையும் தென்மேற்குப் பருவக்காற்று, வைகாசி முதல் ஆவணி வரை பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரங்களில் பலமாக வீசும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது பழமொழி. இத்தனை காற்று இருந்தும் கிணற்றில் நீர் இறைக்கும் காற்றாலை இங்கு பரவவில்லை. இதன் காரணத்தை விவசாயிகள் அறிந்துகொள்வது நல்லது.

தோற்றமும் வருகையும்

காற்றடிக்கும் திசைக்குத் தானே திரும்பி, காற்று மிஞ்சினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் காற்றாலையை, 1854இல் அமெரிக்காவில் டேனியல் ஹாலடே என்பவர் அமைத்தார். இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் தொடக்கத்தில், சென்னை மாகாணத்தில் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் கிணற்றுப் பாசனத்துக்குக் காற்றாலையைச் சோதித்துப் பார்த்தார். கொங்கு நாட்டில் அப்போது மாடு பூட்டிக் கவலை ஓட்டியே நீர் இறைத்தனர்.

1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் மின்சார மோட்டார் கிணற்றுமேட்டுக்கு வந்தது. 1960களில் பெங்களூர் தேசிய விமானவியல் ஆய்வுக்கூடம் 12 இறக்கைகள் கொண்ட இறவைக் காற்றாலையை உருவாக்கியது. ஆனாலும் மோட்டாரே நிலைத்தது.

மூன்று காரணங்கள்

1. காற்றின் வேகம் பாதியானால் அதன் சக்தி எட்டில் ஒரு பங்காகிவிடும். பயிர் தண்ணீருக்கு ஏங்கும் மாசி, பங்குனியில் ஆடி மாதக் காற்று இருப்பதில்லை.

2. நீர்மட்டம் இருமடங்கு ஆழத்துக்கு இறங்கினால், அதே காற்றுக்குப் பாதி நீர்தான் ஏறும். கிணறு வற்றி ஆழ்குழாய்க் கிணறு வந்தபின் இது பெருங்குறையாயிற்று.

3. பாசன மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் அனைவருக்கும் இலவசமாயிற்று.

எங்கு பயன்படும்?

நீர்மட்டம் மேலாக உள்ள கிணற்றில், மின் இணைப்பு இல்லாத இடத்தில், மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் காய்கறிப் பாத்திக்கும் காற்றாலை உதவும். இறக்கைகள் சுற்றிலும் உள்ள தென்னைகளைவிட உயரத்தில் சுழல வேண்டும். காற்றில்லா நாட்களுக்கு நீர் சேமிக்கத் தொட்டி அவசியம். பம்பின் வாஷரைத் தேய்ந்தவுடன் மாற்ற வேண்டும்.

1986இல் தூத்துக்குடி அருகே மின்சாரம் தரும் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் பல்லடம், உடுமலைப் பகுதிகளிலும் அவை பெருகின. இன்று ஆடிக் காற்று மின்கம்பி வழியாக மோட்டாரை வந்தடைகிறது.

காற்றாலையோ சூரியசக்தி பம்போ, எதை வாங்குவதானாலும், கோடையில் கிணற்று நீர்மட்டம் எத்தனை அடி ஆழம், எந்த மாதத்தில் எவ்வளவு நீர் தேவை என்ற இரண்டையும் முதலில் கணக்கிட்டுக்கொள்க.